வீட்டு ட்ரெய்னரில் 185, ஆற்றங்கரை ரோட்டில் 200: எந்த வாட் கணக்கு சரி?

ஞாயிறு காலை தஞ்சாவூரிலிருந்து திருவையாறு போய்த் திரும்பும் எங்கள் கூட்டத்தில், மிதிக்கும் சக்தியை வாட்டில் காட்டும் பவர் மீட்டரைப் புதிதாக வாங்கியவர் ஒருவராவது இருப்பார். டீக்கடைச் சுவரில் சைக்கிளைச் சாய்த்த கையோடு அவர் கேட்பதும் ஒன்றேதான்: "அக்கா, வீட்டுல ட்ரெய்னர்ல 185 வாட் புடிக்கிறதுக்குள்ள நாக்கு தள்ளிடுது. ரோட்டுல 200 தானா வருது. இதுல எதுக்கா நெசம்?"

"185 எது சொன்னது, 200 எது சொன்னது?" என்று திருப்பிக் கேட்பேன். அநேகமாக 185 ட்ரெய்னர், அதாவது வீட்டுக்குள் சைக்கிளைப் பூட்டி மிதிக்கும் கருவி, சொன்னதாக இருக்கும். 200 பெடலிலோ, பெடலைத் தாங்கும் கிராங்கிலோ இருக்கும் பவர் மீட்டர் சொன்னதாக இருக்கும். அளந்த கருவி வேறு, அளந்த இடம் வேறு, அன்றைய சூடு வேறு. மூன்றையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொண்டு, பாவம், காலைக் குறை சொல்கிறோம்.

தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் நெல் கணக்கு வரும் இடங்களைப் பார்த்தால், இத்தனை கலம் என்று எண்ணை மட்டும் வெட்டிவிட்டுப் போயிருக்க மாட்டார்கள். ஆடவல்லான் என்னும் மரக்கால், அது ராஜகேசரிக்கு ஒத்தது என்று அளந்த மரக்காலின் பெயரும் கூடவே இருக்கும். ஆயிரம் வருஷத்துக்கு முன்பே நம் ஊர்க் கணக்கருக்குத் தெரிந்திருந்தது: மரக்கால் எதுவென்று தெரியாமல் கலக் கணக்குக்கு அர்த்தமில்லை. வாட்டுக்கும் அப்படித்தான். உங்கள் வீட்டில் இருக்கும் இரண்டு மரக்காலுக்கும் இடையே எவ்வளவு வித்தியாசம் என்று முதலில் கண்டுபிடிக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் வீட்டையும் ரோட்டையும் ஒப்பிட முடியும்.

இதற்கு வேண்டியவை ஒரு ஸ்மார்ட் ட்ரெய்னர், சைக்கிளில் ஒரு பவர் மீட்டர், ஒரு சைக்கிள் கம்ப்யூட்டர், ஒரு போன், ஒரு நோட்டுப் புத்தகம். பவர் மீட்டர் இல்லாமல் ட்ரெய்னர் மட்டும் வைத்திருப்பவர்களுக்குத் தனியாகச் சொல்கிறேன்.

வாட் எங்கே அளக்கப்படுகிறது

பவர் மீட்டர் வாட்டை நேராக அளப்பதில்லை. நாம் மிதிக்கும்போது பெடல் அச்சோ கிராங்கோ கண்ணுக்குத் தெரியாத அளவு வளைகிறது. உள்ளே ஒட்டியிருக்கும் ஸ்ட்ரெய்ன் கேஜ் அந்த வளைவை உணர்கிறது. அதிலிருந்து முறுக்குவிசை, முறுக்குவிசையைச் சுழலும் வேகத்தால் பெருக்கினால் வாட். நிமிஷத்துக்கு 90 சுற்று மிதித்து 200 வாட் கொடுக்கக் கிராங்கில் சராசரி 21 நியூட்டன் மீட்டர் முறுக்கு போதும். அதே 200 வாட்டை 60 சுற்றில் கொடுக்க வேண்டுமானால் 32 வேண்டும். கால் கனக்கிறது என்று நாம் சொல்வது இந்த முறுக்கைத்தான்.

ட்ரெய்னர் அளப்பது செயினைத் தாண்டி, பின்சக்கரம் இருக்க வேண்டிய இடத்தில். தலைமடையில் திறந்துவிட்ட தண்ணீர் அப்படியே கடைமடைக்கு வந்து சேருமா? வழியில் கொஞ்சம் போகத்தான் செய்யும். செயின், பற்சக்கரம், கியர் மாற்றும் டிரேலியரில் இருக்கும் இரண்டு சின்னச் சக்கரங்கள் எல்லாம் சேர்ந்து, சுத்தமாக எண்ணெய் போட்ட சைக்கிளில் நூற்றுக்கு 2, 3 வாட்டைத் தின்றுவிடும். உமியும் சேறும் ஏறிய செயின் என்றால் 5 வரை போகும்.

இதோடு ஒவ்வொரு கருவிக்கும் கம்பெனியே சொல்லும் பிழை வரம்பு உண்டு. நல்ல பெடல் மீட்டருக்கு 1 சதவீதம், நடுத்தர விலை ட்ரெய்னருக்கு 2 அல்லது 2.5 சதவீதம். கணக்குப் போட்டுப் பாருங்கள். உங்கள் கால் உண்மையிலேயே 200 வாட் கொடுக்கிறது. பெடல் 198லிருந்து 202க்குள் எதை வேண்டுமானாலும் காட்டலாம். செயினில் 3 சதவீதம் போக ட்ரெய்னருக்கு வந்து சேர்வது 194. அதில் 2.5 சதவீதம் முன்னே பின்னே என்றால் 189லிருந்து 199 வரை. ஆக இரண்டு கருவியும் ஒழுங்காக வேலை செய்து, இரண்டுமே உண்மை சொல்லி, 13 வாட் வித்தியாசம் வர இடமிருக்கிறது. டீக்கடையில் கேட்கும் கேள்வியின் பாதிக்கு மேல் இதிலேயே தீர்ந்துவிடுகிறது.

இடது கிராங்கில் மட்டும் இருக்கும் மீட்டர் வைத்திருப்பவர்கள் இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அது இடது காலை அளந்து இரண்டால் பெருக்கிக் காட்டுகிறது. உங்கள் இடது கால் மொத்தத்தில் 48 சதவீதம்தான் உழைக்கிறது என்றால், நிஜமான 200 வாட் 192 ஆகத் தெரியும். களைப்பு ஏற ஏற இந்தப் பங்கும் மாறும். அதனால் அந்த மீட்டரை வைத்து நேற்றையும் இன்றையும் ஒப்பிடுங்கள். ட்ரெய்னரோடு ஒப்பிடும்போது மட்டும் கொஞ்சம் இடம் விட்டு யோசியுங்கள்.

ஒப்பிடும் முன் சரிசெய்ய வேண்டியவை

முதலில் ஜீரோ. தராசுத் தட்டு காலியாக இருக்கும்போது முள் நடுவில் நிற்கிறதா என்று பார்ப்பது போல, பெடலில் சுமை இல்லாதபோது மீட்டர் எதைச் சுழியம் என்று எண்ணுகிறது என்று பார்ப்பது. ஸ்ட்ரெய்ன் கேஜ் சூட்டுக்கு அசையும் பொருள். சூட்டைத் தானே ஈடுகட்டிக்கொள்ளும் மீட்டர்கள் உண்டு, ஆனாலும் ஜீரோ செய்யும் பழக்கத்தை விடக் கூடாது. ஏசி அறையில் 24 டிகிரியில் ராத்திரி முழுக்க இருந்த சைக்கிளைச் சித்திரை மாதத்துத் தெருவுக்குக் கொண்டுவந்தால் உடனே ஜீரோ செய்யாதீர்கள். பத்துப் பதினைந்து நிமிஷம் வெளியே நிற்கவிட்டு, உலோகம் வெளிச்சூட்டுக்கு வந்த பிறகு செய்யுங்கள். எல்லோரும் தவறவிடும் இடம் டீக்கடை. நாம் நிழலில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்போம், சைக்கிள் வெயிலில் சாய்ந்திருக்கும். திரும்பி வந்து கிராங்கைத் தொட்டால் கை சுடும். அந்தச் சூட்டோடு கிளம்பினால் திரும்பி வரும் வழிக் கணக்கு வேறு ஒன்றாகிவிடும். நிழலுக்கு நகர்த்தி, ஆறவிட்டு, காலை எடுத்துவிட்டு, கம்ப்யூட்டரில் ஒரு தடவை ஜீரோ செய்துவிட்டு ஏறுங்கள்.

ஜீரோ செய்ததும் ஒரு எண் காட்டினால் அதை நோட்டில் எழுதி வையுங்கள். நாளுக்கு நாள் கொஞ்சம் அசைவது இயல்பு. திடீரென்று பெரிதாகத் தாவினால் பேட்டரி இறங்கியிருக்கலாம், பெடல் சரியாக முறுக்காமல் இருக்கலாம். பெடல் மீட்டரைப் புதிதாகப் பூட்டிய நாளில் ஏறி நின்று நாலைந்து தடவை பலமாக மிதித்து பெடலை அதன் இடத்தில் இறுக உட்காரவிட்டு, மறுபடி ஜீரோ செய்ய வேண்டும்.

அடுத்தது கிராங்க் நீளம். இதில் நான் ஒரு மழைக்காலம் முழுவதையும் இழந்தேன். என் சைக்கிள் சின்ன ஃப்ரேம், கிராங்க் 165 மில்லிமீட்டர். பெடலின் செயலியில் முன்பே 172.5 என்று இருந்ததை நான் கவனிக்கவில்லை. பெடல் மீட்டருக்குக் கிராங்க் எவ்வளவு நீளம் என்று தானாகத் தெரியாது, நாம் சொல்வதை வைத்துத்தான் பெருக்கும். 172.5ஐ 165ஆல் வகுத்தால் 1.045. ஐப்பசியிலிருந்து தை வரை நான் மிதித்த ஒவ்வொரு 200 வாட்டும் 209 என்று பதிவாகியிருந்தது. ட்ரெய்னர் குறைவாகக் காட்டுகிறது என்று அதன் மேல் சந்தேகப்பட்டு, அதன் பெல்ட்டைக்கூடக் கழற்றிப் பார்க்கச் சொன்னேன். கிராங்கின் உட்பக்கத்தில் நீளம் பொறித்திருக்கும். ஒரு துணியால் துடைத்து, டார்ச் அடித்துப் படித்து, செயலியில் அதே எண் இருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள். கிராங்கிலேயே அளக்கும் மீட்டருக்கு இந்தத் தொல்லை பெரும்பாலும் இல்லை.

ட்ரெய்னருக்கு ஸ்பின் டவுன். வேகமாகச் சுற்றிவிட்டு மிதிப்பதை நிறுத்தி, அது தானாக நிற்க எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்த்துத் தன்னைச் சரிசெய்துகொள்ளும் முறை. குளிர்ந்த ட்ரெய்னரில் செய்தால் பயனில்லை. பத்துப் பதினைந்து நிமிஷம் மிதித்து, பெல்ட்டும் பேரிங்கும் சூடேறிய பிறகு செய்யுங்கள். பின்சக்கரத்தை உருளையில் அழுத்தி ஓட்டும் பழைய வகை ட்ரெய்னர் என்றால் டயர் காற்றும் உருளையின் அழுத்தமும் ஒவ்வொரு நாளும் ஒரே அளவு இருக்க வேண்டும், இல்லையென்றால் நேற்றைய எண்ணோடு இன்றைய எண்ணைக்கூட ஒப்பிட முடியாது. ஸ்பின் டவுனே வேண்டாத ட்ரெய்னர்களும் இருக்கின்றன, உங்கள் கையேட்டைப் பாருங்கள்.

கம்ப்யூட்டரில் இரண்டு விஷயம் மட்டும்: பதிவு ஒவ்வொரு வினாடியும் என்று இருக்கட்டும், சராசரி வாட்டில் சுழியத்தையும் சேர்க்கும்படி வையுங்கள். ஏன் என்று ரோட்டுக்குப் போகும்போது தெரியும்.

ஒரே மிதியை இரண்டு கருவியில் பதிவது

இதுதான் இந்த வேலையின் நெஞ்சு. ஒரே நேரத்தில், ஒரே காலின் மிதியைப் பெடலும் ட்ரெய்னரும் தனித்தனியாகப் பதிய வேண்டும். ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். முதல் நாள் செயினைத் துடைத்து எண்ணெய் போட்டு வையுங்கள். மாதாந்திரப் பராமரிப்புக்கு மின்சாரம் நிறுத்தும் நாளாக இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பாதியில் கரண்ட் போனால் பெரும்பாலான ட்ரெய்னர்களில் பிரேக் விட்டுப்போகும், கால் வெறுமனே சுற்றும், அதுவரை செய்ததெல்லாம் வீண்.

1. ட்ரெய்னரைப் போன் செயலியோடு மட்டும் இணையுங்கள். பவர் மீட்டரைச் சைக்கிள் கம்ப்யூட்டரோடு மட்டும் இணையுங்கள். போன் செயலி பவர் மீட்டரையும் தானாகப் பிடித்துக்கொள்ளும், அதைக் கையால் நீக்க வேண்டும். இரண்டு பதிவும் வாட்டுக்கு வாட் அப்படியே ஒத்துப்போனால் சந்தோஷப்படாதீர்கள், இரண்டும் ஒரே கருவியைத்தான் கேட்டுக்கொண்டிருக்கின்றன.

2. பதினைந்து நிமிஷம் லேசாக மிதியுங்கள். ஸ்பின் டவுன் செய்யுங்கள். இறங்கி நின்று பவர் மீட்டரை ஜீரோ செய்யுங்கள்.

3. இரண்டு பதிவையும் ஒரே நேரத்தில் தொடங்குங்கள். தொடங்கியதும் ஐந்து வினாடி பலமாக மிதித்து விடுங்கள். பிறகு இரண்டு கோட்டையும் ஒன்றன் மேல் ஒன்று வைக்கும்போது அந்தக் கூம்பு அடையாளமாக உதவும்.

4. நாம் சொன்ன வாட்டிலேயே ட்ரெய்னர் தானாகப் பிடித்து நிறுத்தும் எர்க் மோடை நிறுத்திவிட்டு, கியரை மாற்றி நீங்களே நாலு படி ஏறுங்கள். 100, 130, 160, 190 வாட் மாதிரி உங்களுக்குத் தோதான எண்கள். ஒவ்வொன்றிலும் நாலு நிமிஷம், மிதி 85லிருந்து 90 சுற்றுக்குள்.

5. ஐந்து நிமிஷம் ஓய்வு. பிறகு 160 வாட்டில் முன்னால் பெரிய பற்சக்கரத்தில் மூன்று நிமிஷம், சின்னதில் மூன்று நிமிஷம். ட்ரெய்னருக்குள் இருக்கும் கனமான சக்கரமான ஃப்ளைவீல் சுற்றும் வேகம் மாறும்போது உங்கள் ட்ரெய்னர் வேறு எண் சொல்கிறதா என்று இதில் தெரியும்.

6. கடைசியாக எர்க் மோடில் 160க்கு ஐந்து நிமிஷம்.

ஒவ்வொரு படியிலும் முதல் நிமிஷத்தைத் தள்ளிவிட்டு மற்ற நிமிஷங்களின் சராசரியை எடுங்கள். கோல்டன் சீட்டா என்ற இலவச மென்பொருளில் இதைச் செய்யலாம், கையால் நோட்டில் எழுதியும் செய்யலாம். என் நோட்டில் இருக்கும் ஒரு பக்கம்:

பெடல் 103, ட்ரெய்னர் 98
பெடல் 133, ட்ரெய்னர் 128
பெடல் 164, ட்ரெய்னர் 158
பெடல் 195, ட்ரெய்னர் 188

முதல் வரியில் வித்தியாசம் 5 வாட், சதவீதத்தில் கிட்டத்தட்ட 5. கடைசி வரியில் 7 வாட், ஆனால் 3.6 சதவீதம்தான். குறைந்த வாட்டில் சதவீதம் பெரிதாகத் தெரிவது சாதாரணம், உராய்வில் ஒரு பங்கு நாம் எவ்வளவு மிதித்தாலும் அதே அளவாக இருக்கும். நான் பயிற்சி செய்வது 130க்கு மேல்தான் என்பதால் கீழே மூன்று வரிகளை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். பெடலை ட்ரெய்னரால் வகுத்தால் 1.038 பக்கம் வருகிறது. என் வீட்டில் ட்ரெய்னர் சொல்வதை 1.038ஆல் பெருக்கினால் பெடல் மொழி.

உங்கள் பக்கத்தைப் படிக்கும்போது இவற்றைப் பாருங்கள். ட்ரெய்னர் 2லிருந்து 5 சதவீதம் குறைவாக, எல்லாப் படியிலும் ஒரே சீராக இருந்தால் இரண்டு கருவியும் நலம். ட்ரெய்னர் பிழை வரம்பையும் தாண்டிப் பெடலைவிட அதிகமாகக் காட்டினால் எங்கோ தவறு இருக்கிறது. கடைமடையில் தலைமடையைவிட அதிகத் தண்ணீர் ஓடாது. ஜீரோ, கிராங்க் நீளம், ஸ்பின் டவுன், இடது கால் மீட்டர் என்று வரிசையாகத் திரும்பப் பாருங்கள். தொடக்கத்தில் 3 சதவீதமாக இருந்தது முடிவில் 6 ஆனால் ஏதோ ஒன்று சூடேறி நகர்கிறது, கூடுதல் நேரம் சூடேற்றிவிட்டு மறுபடி சோதியுங்கள்.

எர்க் மோடில் போன் திரையில் ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட மாதிரி 160 என்று நிற்கும். பெடல் பதிவில் அதே நேரம் 150க்கும் 172க்கும் இடையே ஆடிக்கொண்டிருக்கும். பெடல் கெட்டுப்போகவில்லை. பல ட்ரெய்னர்கள் எர்க் மோடில் எண்ணை வழித்து மட்டப்படுத்திக் காட்டுகின்றன. சராசரியைப் பாருங்கள், கோட்டைப் பார்க்க வேண்டாம். ஐந்து வினாடி, பத்து வினாடி ஸ்பிரிண்ட் எண்களை இரண்டுக்கும் இடையே ஒப்பிடுவதையே விட்டுவிடுங்கள்.

அரிசிச் சிப்பம் வைத்து ஒரு சோதனை

இரண்டில் எது உண்மைக்கு அருகில் என்று தெரிய வேண்டுமானால் மூன்றாவது சாட்சி வேண்டும். புவியீர்ப்பு பொய் சொல்லாது. உங்கள் மீட்டரின் செயலி முறுக்குவிசையை எண்ணாகக் காட்டுமானால் இதைச் செய்யலாம், காட்டாது என்றால் இந்தப் பகுதியைத் தாண்டிப் போங்கள்.

25 கிலோ பொன்னி அரிசிச் சிப்பம் ஒன்றை, கட்டும் கயிறோடு சேர்த்து, அரிசிக் கடை மின் தராசில் நிறுத்து எழுதிக்கொள்ளுங்கள். சைக்கிளில் பின்சக்கரத்தை மாட்டி, சமதரையில் நிறுத்தி, பின் பிரேக்கைத் துணியால் இறுக்கிக் கட்டுங்கள். இன்னொருவர் சைக்கிளைப் பிடித்துக்கொள்ளட்டும். ஜீரோ செய்யுங்கள். கிராங்கை முன்பக்கம் தரைக்கு மட்டமாகக் கொண்டுவந்து பெடல் நடுவில் சிப்பத்தைத் தொங்கவிடுங்கள். அது ஆடாமல் நின்றதும் எண்ணைப் படியுங்கள். வர வேண்டியது எடை பெருக்கல் 9.81 பெருக்கல் கிராங்க் நீளம், மீட்டர் கணக்கில். சரியாக 25 கிலோ, 170 மில்லிமீட்டர் கிராங்க் என்றால் 41.7 நியூட்டன் மீட்டர். 165 கிராங்குக்கு 40.5. இடது பக்கம் மட்டும் அளக்கும் சில மீட்டர்கள் இரண்டால் பெருக்கியே காட்டும், அதையும் மனதில் வையுங்கள். மூன்று தடவை தொங்கவிட்டு மூன்று எண்ணும் 1, 2 சதவீதத்துக்குள் இருந்தால் மீட்டரை நம்பி மேலே போகலாம். இந்தச் சோதனை செய்யாமல், ட்ரெய்னரோடு ஒத்துப்போக வேண்டும் என்பதற்காக மீட்டரின் அளவுகோலைச் செயலியில் திருத்தவே திருத்தாதீர்கள்.

ரோட்டில் அளப்பது

கருவிக் கணக்கு முடிந்தது. இனி வீட்டிலும் ரோட்டிலும் அதே பவர் மீட்டரைத்தான் பார்க்கப் போகிறோம். ட்ரெய்னரின் எண் சோதனைக்கு வேண்டாம்.

வேகத்தை ஒப்பிட வேண்டாம் என்பதை நம் ஊரில் அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. டெல்டா தட்டையான பூமி, ஏற்றம் இல்லை, அதனால் வேகமும் வாட்டும் ஒன்றுதான் என்று பலர் நினைக்கிறார்கள். காற்று இருக்கிறதே. ஆளும் சைக்கிளும் சேர்ந்து 80 கிலோ, பிரேக் மேல் கைவைத்து உட்கார்ந்த நிலை என்று வைத்து நான் போட்ட கணக்கில், மணிக்கு 30 கிலோமீட்டர் போகக் காற்றில்லாத காலையில் 160 வாட் போதும். எதிரே 10 கிலோமீட்டர் வேகத்தில் காற்று வந்தால் அதே 30க்கு 250 வாட் வேண்டும். அதே காற்று முதுகைத் தள்ளினால் 95 வாட். ஆனி, ஆடியில் மேல்காற்று அடிக்கும் நாளில் திருவையாற்றிலிருந்து திருக்காட்டுப்பள்ளிக்குப் போன வேகத்தையும் வந்த வேகத்தையும் பக்கத்தில் வைத்தால் இரண்டு வேறு ஆள் ஓட்டியது போல இருக்கும். செயலிகள் வேகத்தையும் எடையையும் வைத்து மதிப்பிட்டுக் காட்டும் வாட்டை இதனால்தான் நான் பார்ப்பதே இல்லை.

சோதனைக்கு ரோடு எப்படி இருக்க வேண்டும்? இருபது நிமிஷம் மிதியை விடாமல் போக வேண்டும். தஞ்சாவூர் திருவையாறு ரோடு அழகானது, ஆனால் இதற்கு ஆகாது. வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, காவிரி என்று ஐந்து பாலம். ஒவ்வொரு பாலத்திலும் ஏறும்போது 280க்குத் தாவி இறங்கும்போது சுழியத்துக்கு விழும் என் கோட்டைப் பார்த்தாலே எந்த ஆறு எங்கே என்று சொல்லிவிடலாம். கல்லணைப் பக்கம் போகும் கரையோர ரோடு, அல்லது நாகப்பட்டினத்துக்குத் தெற்கே கிழக்குக் கடற்கரைச் சாலை, விடியற்காலை ஆறு மணிக்குள் என்றால் நல்லது. எதிர்காற்று இருக்கும் திசையைத் தேர்ந்தெடுங்கள். காற்றை எதிர்த்து மிதிக்கும்போது கால் சும்மா இருக்க முடியாது, வாட் சீராக வரும், வேகம் குறைவாக இருப்பதால் ஆபத்தும் குறைவு. தை, மாசியில் சம்பா அறுவடை நேரம் ரோட்டில் நெல் காயும். அன்றைக்குச் சோதனை வேண்டாம். டயர் வழுக்கும், அதைவிட முக்கியமாக அது ஒரு குடும்பத்தின் ஆறு மாத உழைப்பு.

ரோட்டில் கால் ஓயும் ஒவ்வொரு வினாடியும் சுழியம். ஊருக்குள் நுழைந்தால், வாத்துக் கூட்டம் கடந்தால், டிராக்டர் திரும்பினால் சுழியம். வீட்டில் அப்படி எதுவும் இல்லை. அதனால் ஒரு மணி நேர ரோட்டுச் சராசரி 150 என்று வந்தால் வீட்டுச் சராசரி 165ஐவிடக் குறைவாக உழைத்தீர்கள் என்று அர்த்தமில்லை. இதற்காக ஆண்ட்ரூ காகன் உருவாக்கியதுதான் நார்மலைஸ்டு பவர்: முப்பது வினாடிச் சராசரிகளை எடுத்து, நான்காம் மடிக்கு உயர்த்தி, அவற்றின் சராசரிக்கு நான்காம் மூலம் காண்பது. ஏற்ற இறக்கத்தின் வலியை ஓரளவு கணக்கில் சேர்க்கும். ஆனாலும் நேர்மையான ஒப்பீடு வேண்டுமென்றால் சீராக மிதித்த இருபது நிமிஷத்தை எடுத்து, வீட்டில் சீராக மிதித்த இருபது நிமிஷத்தோடு வையுங்கள்.

மீதி வித்தியாசம் உடம்புடையது

ஒரே மீட்டர், சரியான ஜீரோ, சீரான இருபது நிமிஷம். இத்தனைக்குப் பிறகும் வீட்டில் 190, ரோட்டில் 200 என்று வந்தால் அது நிஜமான வித்தியாசம். நம் பக்கத்தில் அதற்கு முதல் காரணம் சூடு.

மனித உடம்பு தின்ற சக்தியில் நாலில் ஒரு பங்குக்கும் குறைவாகவே பெடலுக்குப் போகிறது, மற்றது சூடாகிறது. 200 வாட் மிதிக்கும்போது ஏறக்குறைய 700 வாட் சூடு உடம்பிலிருந்து வெளியேற வேண்டும். ஒரு இஸ்திரிப் பெட்டியை இடுப்பில் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பது போல. ரோட்டில் 30 கிலோமீட்டர் வேகக் காற்று அந்தச் சூட்டை வாங்கிக்கொண்டு போகிறது. மூடிய அறையில் வியர்வை சொட்டுகிறதே தவிர ஆறுவதில்லை. சொட்டும் வியர்வை குளிர்விக்காது, காயும் வியர்வைதான் குளிர்விக்கும். ஐப்பசி, கார்த்திகையில் ஈரக்காற்று நிறைந்த அறையில் இது இன்னும் மோசம். ரத்தம் தோலுக்கும் ஓட வேண்டும், தசைக்கும் ஓட வேண்டும், இதயம் வேகமாக அடிக்கிறது, அதே வாட் கனக்கிறது.

உச்சியில் சுற்றும் சீலிங் ஃபேன் போதாது. பெரிய பெடஸ்டல் ஃபேனை முன்னால், நெஞ்சுக்கு நேராக, மூன்றடி தூரத்தில் வையுங்கள். முடிந்தால் இன்னொன்று பக்கவாட்டில். ஜன்னலைத் திறங்கள். பிறகு ஒரு சோதனை: 150 வாட்டில் நாற்பது நிமிஷம், ஒரு நாள் சீலிங் ஃபேனோடு, இரண்டு நாள் கழித்துப் பெடஸ்டல் ஃபேனோடு. பத்தாவது நிமிஷத்து இதயத்துடிப்பையும் நாற்பதாவது நிமிஷத்து இதயத்துடிப்பையும் எழுதுங்கள். முதல் நாள் எனக்கு 138லிருந்து 156க்கு ஏறியது, ஃபேன் வைத்த நாள் 136லிருந்து 143. கால் அதே கால்.

சூட்டுக்கு உடம்பு பழகவும் செய்யும், ஒன்றிரண்டு வாரம் ஆகும். பங்குனி தொடக்கத்தில் எண் இறங்கினால் பதற வேண்டாம். தலை சுற்றினாலோ, குளிர் எடுப்பது போல் இருந்தாலோ அந்த நிமிஷமே இறங்கி, தண்ணீர் ஊற்றிக்கொண்டு படுங்கள். இந்த ஒன்றில் விட்டுக்கொடுக்காதீர்கள்.

அசையாத சைக்கிளில் உடம்பு ஆட முடியாமல் போவது இரண்டாவது காரணம், அதனால்தான் எழுந்து நின்று மிதிப்பது வீட்டில் சுகப்படுவதில்லை. மனசு மூன்றாவது. சுவரைப் பார்த்து மிதிப்பதும், காவிரியைப் பார்த்து மிதிப்பதும் ஒன்றாகுமா?

எண்ணை எப்படிப் பயன்படுத்துவது

ஏறக்குறைய ஒரு மணி நேரம் தாக்குப்பிடிக்கக்கூடிய வாட்டை எஃப்டிபி என்பார்கள். அந்தச் சோதனையை வீட்டில் ஒன்று, ரோட்டில் ஒன்று, ஒரு வார இடைவெளியில், அதே பவர் மீட்டரில் செய்யுங்கள். இருபது நிமிஷச் சராசரியில் 95 சதவீதம் என்ற வழக்கமான கணக்கு போதும். இரண்டும் 3 சதவீதத்துக்குள் இருந்தால் ஒரே எண்ணை வைத்துக்கொள்ளுங்கள். 5 சதவீதத்துக்கு மேல் இருந்தால் வீட்டுக்கு ஒன்று, ரோட்டுக்கு ஒன்று என்று தனித்தனியாக வையுங்கள். ரோட்டு எண்ணை வைத்து வீட்டில் இன்டர்வல், அதாவது விட்டுவிட்டுப் பலமாக மிதிக்கும் பயிற்சி, செய்தால் மூன்றாவதிலேயே கால் விட்டுப்போகும்.

வீட்டுப் பயிற்சியை ட்ரெய்னர் எண்ணில் செய்வதானால் உங்கள் பெருக்கல் எண்ணை நினைவில் வையுங்கள். என் கணக்கில் பெடல் மொழியில் 190 வேண்டுமென்றால் ட்ரெய்னருக்கு 183 என்று சொல்ல வேண்டும். சில பயிற்சிச் செயலிகளில் பவர் மீட்டர் சொல்வதைக் கேட்டு ட்ரெய்னரை இயக்கும் வசதி உண்டு, பவர் மேட்ச் என்பார்கள். அது இருந்தால் இந்தப் பெருக்கலே வேண்டாம்.

ட்ரெய்னர் மட்டும் வைத்திருப்பவர்கள், ரோட்டில் வாட்டை மறந்துவிட்டு நெஞ்சுப் பட்டை இதயத்துடிப்பையும் மூச்சையும் வைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் 150 வாட்டில் இரண்டு மூன்று சொல்லைத் தொடர்ந்து பேச முடிகிறதா, முழு வாக்கியம் வருகிறதா என்று கவனித்து, ரோட்டில் அதே மூச்சைத் தேடுங்கள். பெடஸ்டல் ஃபேன் இல்லாத வீட்டில் துடிப்பு கூடுதலாகக் காட்டும் என்பதால், ரோட்டில் அதைவிட ஐந்தாறு குறைவாக இருந்தால் சரியாகத்தான் இருக்கிறீர்கள்.

நோட்டில் ஒவ்வொரு வரியும் இப்படி இருக்கட்டும்: தேதி, எந்தக் கருவி, ஜீரோ எண், அறையா ரோடா, சூடு எவ்வளவு, ஃபேன் உண்டா, பிறகு வாட். செயினோ பற்சக்கரமோ மாற்றினால், பெடலைக் கழற்றி வேறு சைக்கிளில் மாட்டினால், ட்ரெய்னரில் மென்பொருள் புதுப்பித்தால், அடுத்த வரி எழுதும் முன் அந்த நாலு படிச் சோதனையை மறுபடி ஒரு தடவை ஓட்டிவிடுங்கள்.